மலைநாட்டு ஈரமும் என் லென்ஸும்

மலைநாட்டில் வீட்டில் ஒரு கமரா வைத்திருப்பவர்களும், வாங்கலாம் என்று காசு சேர்ப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். படம் எடுப்பது எப்படி என்று சொல்லித்தர யூடியூபில் ஆள் குறைவில்லை. ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து ஈரத்தில் அந்தக் கமராவைக் கெடாமல் வைத்திருப்பது எப்படி என்று மட்டும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. விற்றவர் சொல்லவில்லை, கூடப் படம் எடுக்கும் பையன்கள் சொல்லவில்லை, திருத்தக் கொடுத்த கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டும் சொல்லவில்லை. எல்லாம் சேர்த்து எனக்கு 50,000 ரூபாவுக்கு மேல் போயிற்று. காசைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இனி எடுக்கவே முடியாத சில படங்கள் போனதுதான் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

நான் என்ன எடுக்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவன் ஏன் இவ்வளவு புலம்புகிறான் என்று தோன்றும். தேயிலை மலை, தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம், ரயில் வாசலில் முடி பறக்கத் தொங்கும் சுற்றுலாப் பயணி, இவற்றை எடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். 1921இல் கட்டிய அந்தப் பாலத்தில் இன்னும் யாரும் எடுக்காத கோணம் மிச்சம் இருக்கிறதா என்பதே சந்தேகம். நான் எடுப்பது சலூன் போர்டுகள். கையால் எழுதிய கடைப் பலகை எதுவானாலும் நின்று பார்ப்பேன், ஆனால் சலூன் போர்டு தனி ரகம். மற்றக் கடைகளின் பலகையில் எழுத்துதான் இருக்கும், சலூன் பலகையில் ஓர் ஆள் இருப்பான். தகரத்தில் எனாமல் பெயின்டால் வரைந்த, எந்த நடிகன் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாத ஒரு முகம். முடி நடிகனுடையது, மூக்கு வரைந்தவரின் தம்பியுடையதாக இருக்கலாம். மேலே சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் கடைப் பெயர், ஒவ்வோர் எழுத்துக்கும் வலப்பக்கம் கீழே சிவப்பில் ஒரு நிழல். மூலையில் சின்னதாக எழுதியவர் பெயரோ, 'ஆர்ட்ஸ்' என்று முடியும் ஏதோ ஒரு பெயரோ. உள்ளே போனால் எதிரெதிர்க் கண்ணாடிகள், இலக்கம் போட்ட முடிவெட்டுப் படங்கள், முருகன் படம், அதற்குக் கீழே ஷேவிங் முடிந்ததும் கன்னத்தில் தேய்க்கும் படிகாரக் கட்டி. தேய்ந்து தேய்ந்து நடுவில் குழி விழுந்த படிகாரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறீர்களா? நான் அதை மட்டும் நிறையப் படம் எடுத்திருக்கிறேன்.

வேலை, ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதுவது. போர்டு எழுதும் ஆட்கள் எங்களிடம்தான் எனாமலும் டர்பன்டைனும் வாங்க வருவார்கள். நூலில் சோக்குப் பொடி தடவித் தகரத்தில் சுண்டிக் கோடு போடுவது, கை நடுங்காமல் இருக்க ஒரு குச்சியைப் பலகையில் ஊன்றி அதன்மேல் மணிக்கட்டை வைத்து எழுதுவது எல்லாம் அவர்கள் வாயாலேயே கேட்டதுதான். இப்போது அவர்கள் வருவது குறைந்துவிட்டது. பிளெக்ஸ் ஒன்றை ஒரு மணி நேரத்தில் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள், பிறகு ஏன் தகரமும் பிரஷ்ஷும்? 2019 தேர்தலுக்குப் பிறகு நாடு முழுக்கப் பையன்களும் பெண் பிள்ளைகளும் மதில்களில் படம் வரைந்தார்களே, எங்கள் பக்கத்திலும் வரைந்தார்கள். அதில் பலவற்றை இன்று பாசி மூடிவிட்டது. யானையின் தும்பிக்கை இருக்கும், யானை இருக்காது. மதிலைத் தின்கிற இந்த ஈரம் வீட்டு அலுமாரிக்குள்ளும் வரும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கமரா வாங்கிய காலம் மோசமான காலம். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360ஐத் தாண்டிப் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். புதுக் கமராவின் விலையைக் கேட்டால் கடைக்காரரே சிரிப்பார். வெளிநாட்டு வேலைக்குப் போக அவசரமாகப் பொருட்களை விற்றுக்கொண்டிருந்த ஒரு தம்பியிடம் பழைய கமரா ஒன்றை, கூடவந்த சாதாரண ஸூம் லென்ஸோடும் ஒரு 50 மில்லிமீற்றர் லென்ஸோடும், 85,000 ரூபாவுக்கு வாங்கினேன். சீட்டுக் காசு முழுவதும் அதில் போயிற்று. லென்ஸ்கள் அப்போது சுத்தமாகத்தான் இருந்தன, முதல் சில மாதப் படங்களே அதற்குச் சாட்சி. நல்ல தடிப்பான, உள்ளே பஞ்சு வைத்த பையும் தந்தார். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அந்தப் பையிலேயே போட்டு, அலுமாரியில் உடுப்புகளுக்குக் கீழ்த்தட்டில் வைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் வைப்பார்கள்.

எங்கள் வீடு பழைய லயத்துக் காம்பராவை இழுத்துக் கட்டிய வீடு. பின்சுவர் மண்ணோடு ஒட்டி நிற்கிறது. மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் ஆவணி வரை அந்தச் சுவர் காயாது. சப்பாத்துக்குள் வெள்ளையாகப் பூசணம் பூக்கும், கல்யாண அல்பத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டும், தீப்பெட்டியை அடுப்பங்கரையில் வைத்தால்தான் பற்றும். இதெல்லாம் நமக்குப் பிறந்ததில் இருந்து தெரிந்ததுதான். ஆனால் பூசணம் கண்ணாடியிலும் வளரும், அதுவும் லென்ஸுக்கு உள்ளே பூட்டிக் கிடக்கிற கண்ணாடியில் வளரும் என்று சொன்னால் எங்கள் லயத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். நானும் நம்பியிருக்க மாட்டேன்.

முதலில் தெரிந்தது ஒரு வெளுப்பு. படங்களில் கறுப்பு கறுப்பாக இல்லை. மேகமூட்டம் என்று நினைத்தேன், மலைநாட்டில் எதற்கும் அதுதானே சாட்டு. பிறகு ஜன்னலோ பல்போ படத்துக்குள் வந்தால் அதைச் சுற்றிப் பால் ஊற்றியதுபோல் பரவியது. முன் கண்ணாடியைத் துடைத்தேன், செட்டிங் எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன், மெமரி கார்டையும் சந்தேகப்பட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். அது வேறு 2,500 ரூபா. செனன் பக்கத்தில் ஒரு பிறந்தநாள் வீட்டில் படம் எடுக்க வந்திருந்த அண்ணன் ஒருவர், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் லென்ஸைக் கழற்றி, போன் டோர்ச்சைப் பின்பக்கம் பிடித்து, சாய்த்து, "இங்க பாருங்க தம்பி" என்றார். விளிம்பில் இருந்து நடுவை நோக்கி, கிளை விட்டு, நூல்நூலாக. அழகாகக்கூட இருந்தது என்று சொன்னால் திட்டாதீர்கள். ஸூம் லென்ஸில் ஓர் ஓரத்தில் மட்டும் சின்ன மச்சம். 50 மில்லிமீற்றர் லென்ஸில் உள்ளே மூன்றாவதோ நான்காவதோ கண்ணாடி முழுவதும் அதுதான். அன்று இரவு சாப்பிடவில்லை. வீட்டில் சொல்லவும் இல்லை, சொன்னால் சீட்டுக் காசுப் பேச்சு மறுபடி தொடங்கும்.

அது ஏன் வருகிறது என்று பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டேன். பூசண வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன, எந்த லென்ஸுக்குள்ளும் கொஞ்சம் இருக்கும். அவை முளைக்க ஈரம் வேண்டும். காற்றின் ஈரப்பதம் 60, 65 சதவீதத்தைத் தாண்டி நாட்கணக்காக அப்படியே நின்றால் போதும். இருட்டும், அசையாத காற்றும் சேர்ந்தால் இன்னும் நல்லது. சாப்பாட்டுக்குத் தூசி, கைபட்ட எண்ணெய்ப் பசை, லென்ஸுக்குள் போடும் கிரீஸ். ஆக, பஞ்சு வைத்த பையை இருட்டு அலுமாரியில் மூடி வைப்பது அதற்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான். பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக உள்ளேயே விடும். தோல் உறை என்றால் இன்னும் மோசம். வளரும்போது பூசணம் ஓர் அமிலத்தைக் கக்குகிறது, அந்த அமிலம் கண்ணாடிமேல் பூசியிருக்கும் கோட்டிங்கை அரிக்கிறது. தொடக்கத்தில் பிடித்தால் சுத்தம் செய்து தப்பலாம். அரித்த பிறகு பூசணத்தைத் துடைத்து எடுத்தாலும் அதன் தடம் போகாது. அதனால்தான் டோர்ச் அடித்துப் பார்ப்பதை மாதத்துக்கு ஒருமுறையாவது செய்யுங்கள் என்கிறேன். ஒரு நிமிட வேலை.

பக்கத்து நகரம் ஒன்றில் கமரா திருத்தும் கடையில் 50ஐக் கொடுத்தேன். 7,500 ரூபா, முன்பணமாக முழுவதும். "ஒரு கிழமைல எடுக்கலாம்" என்றார். கிழமை போனது, மாதமும் போனது. போன் எடுத்தால் "பார்ட் வரல" என்பார். சுத்தம் செய்ய என்ன பார்ட் என்று கேட்கத் துணிவு இல்லை, பொருள் அவர் கையில் அல்லவா. கடைசியில் நேரில் போய் நின்றுதான் வாங்கினேன். கடை வாசலில் பார்த்தபோது பளபளப்பாகத்தான் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து டோர்ச் அடித்தால், முன்னாலும் பின்னாலும் துடைத்திருக்கிறார், நடுவில் நூல் அப்படியே. போதாததற்குப் போகஸ் வளையத்தைத் திருப்பினால் மண் அரைபடுகிற சத்தம், பின்பக்கத்தில் ஒரு திருகாணியைக் காணவில்லை. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "கொண்டுவரும்போதே அப்படித்தான் இருந்தது" என்றார். என்னிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை, கொடுக்கும் முன் எடுத்த படமும் இல்லை. வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

ஆகவே திருத்தக் கொடுப்பவர்கள் இதைச் செய்யுங்கள். கொடுக்கும் முன் கடைக்காரர் கண்முன்னாலேயே டோர்ச் அடித்துப் பூசணத்தைப் போனில் படம் எடுங்கள், லென்ஸின் தொடர் இலக்கத்தையும் திருகாணிகளையும் எடுங்கள். அவர் முகம் மாறினால் அங்கே கொடுக்க வேண்டாம். எந்தக் கண்ணாடியில் இருக்கிறது, அதைப் பிரித்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள், முடியாவிட்டால் பார்த்ததற்கு எவ்வளவு என்று கேளுங்கள். துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பாதிக்கு மேல் முன்பணம் வேண்டாம். வாங்கும்போது கடைக்குள்ளேயே நின்று டோர்ச் அடியுங்கள், வளையத்தைக் காதருகே வைத்துத் திருப்புங்கள். வெட்கப்பட வேண்டியது நாம் இல்லை. வீட்டிலேயே பிரித்துச் சுத்தம் செய்யும் வீடியோக்களும் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒருவர் செய்தார், ஒரு கண்ணாடியைத் தலைகீழாகப் போட்டுப் பூட்டிவிட்டார். அந்த லென்ஸில் எதுவும் இப்போது போகஸ் ஆகாது.

அப்புறம் ஒருநாள் லீவு போட்டுக் கொழும்புக்குப் போனேன். சம்பளக் கழிவு, போக்குவரத்து, சாப்பாடு என்று 5,000 ரூபாவுக்குக் கிட்ட. அங்கே ஒரு மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டுக்கொண்டு வேலை செய்யும் வயதான நானா ஒருவர். லென்ஸைப் பார்க்கும் முன்னால் பையை வாங்கி மோந்து பார்த்தார். "எந்த ஊர்லேந்து வாறீங்க?" தலவாக்கலை என்றேன். "லென்ஸ் இருக்கட்டும், முதல்ல இந்தப் பைய வீசுங்க" என்றார். பிறகு லென்ஸைப் பார்த்துவிட்டு, கோட்டிங் அரிபட்டுப் போயிற்று, காசு வாங்கிக்கொண்டு என்னால் துடைத்துத் தர முடியும், ஆனால் வெளுப்பு போகாது, அந்தக் காசுக்கு வேறு பழைய லென்ஸ் ஒன்று பாருங்கள் என்று சொல்லி ஒரு சதமும் வாங்கவில்லை. ஸூம் லென்ஸில் இருந்த மச்சத்தை மட்டும் துடைத்துக் கொடுத்து 1,500 ரூபா எடுத்தார். மலைநாட்டில் இருந்து வருகிற லென்ஸ்களில் பாதி இப்படித்தான் வருகிறது என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவ்வளவு பேருக்கு நடந்திருக்கிறது, ஒருவர்கூட வாய் திறக்கவில்லையே!

இனி அந்தப் படங்கள். தலவாக்கலைக்கும் லிந்துலைக்கும் இடையில் ஒரு சந்தியில் சின்னச் சலூன் ஒன்று. அதன் போர்டில் இருந்த ஆளுக்குப் பெரிய மீசை. அந்த மீசை வரையப்பட்டபோது அவ்வளவு பெரிதாக இல்லையாம். ஒவ்வொரு தீபாவளிக்கும் கடைக்காரர் கறுப்பு எனாமல் ஒரு குட்டி டின் வாங்கி, மங்கிப் போன மீசையைத் தானே தொட்டுவிடுவார். அவர் போர்டு எழுதுகிறவர் இல்லை, கத்தி பிடிக்கிறவர். கை கோட்டுக்கு வெளியே கொஞ்சம் போகும். வருடத்துக்கு வருடம் மீசை வளர்ந்து கன்னத்தின் நடுவுக்கு வந்துவிட்டது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் முகத்து ரோஸ் நிறம் மெல்லிய தோலாக உரிந்து துரு தெரியும், மீசை மட்டும் அடுக்கடுக்காகத் தடித்து, விரலால் தடவினால் மேடு தெரியும். ஓரத்தில் ஒரு பிரஷ் மயிர் பெயின்டோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. அந்த மேட்டைத்தான் பக்கவாட்டு வெளிச்சத்தில் 50 மில்லிமீற்றரில் எடுத்தேன், பல மாலைகள் காத்திருந்து எடுத்தேன். எல்லாவற்றிலும் வெளுப்பு. மீசையின் கறுப்பு சாம்பலாகி, அடுக்குகள் ஒன்றோடொன்று கரைந்து கிடக்கின்றன. லென்ஸ் பிரச்சினை தீர்ந்ததும் மறுபடி எடுக்கலாம் என்று இருந்தேன். புது லென்ஸோடு போனபோது அங்கே நீல நிற பிளெக்ஸ், ஏதோ ஒரு காற்பந்து வீரரின் தாடி முகத்தோடு. "பழசு எங்கண்ணே?" என்று கேட்டேன். "மகன் கொழும்புல இருந்து இத அடிச்சு அனுப்பினான் தம்பி. அத கோழிக் கூட்டுக்குப் போட்டாச்சு" என்றார். கூட்டைப் போய்ப் பார்த்தேன். ஆணியடித்து, மடக்கி, முகம் உள்பக்கமாக.

எடுத்த படங்களில் ஒன்றே ஒன்று உருப்படி, அது போனில் எடுத்தது. போன் லென்ஸ் சின்னது, மூடியது, நாள் முழுக்க உடம்புச் சூட்டிலும் வெளிச்சத்திலும் இருப்பது, அதில் இந்த வியாதி லேசில் வராது. அதனால் நல்ல கமரா கையில் இருந்தாலும் போனிலும் ஒரு தடவை எடுத்துவையுங்கள். அன்றே வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பாருங்கள். கமராவின் பின்னால் இருக்கும் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

இதை எழுதும்போது எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலயத்துக் கல்லறை. ஜூலியா மார்கரெட் கமரன், உலகப் புகைப்பட வரலாற்றில் பெரிய பெயர். 1875இல் குடும்பத்தோடு இங்கே வந்து, 1879இல் இங்கேயே இறந்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்களை உலகமே பார்க்கிறது, இலங்கையில் எடுத்தவற்றில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். அவர் காலத்தில் கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். இரசாயனமும் நல்ல தண்ணீரும் கிடைப்பதே இங்கே பாடாக இருந்திருக்கும். அந்தக் கல்லறையைப் பார்க்கப் போனால் கல்லிலும் பாசிதான்.

சரி, இப்போது நான் எப்படி வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன். மின்சார உலர் பெட்டி என்று ஒன்று விற்கிறார்கள், உள்ளே ஈரப்பதத்தைத் தானாகவே குறைத்து வைக்கும். விசாரித்தபோது சின்னதே 35,000க்கு மேல் சொன்னார்கள். கல்யாண வீட்டுப் படம் எடுத்துச் சம்பாதிப்பவர்கள் வாங்கட்டும், நமக்கு வேண்டாம். எங்கள் கடையிலேயே இருக்கிற, மூடியில் ரப்பர் விளிம்பும் நான்கு பக்கமும் பூட்டும் உள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, பத்து லீற்றர் அளவு, 1,800 ரூபா. உள்ளே வைக்க ஒரு சின்ன ஈரப்பத மீற்றர், 1,200. ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணி அரைக் கிலோ, 1,000க்கு உள்ளே. மொத்தம் 4,000. முன்பே தெரிந்திருந்தால் இந்த 4,000தான் என் முழுச் செலவு. மீற்றரை முதலில் வீட்டுக்குள் சும்மா வைத்துப் பாருங்கள், அதுவே கண்ணைத் திறக்கும். ஆனி மாதம் எங்கள் அறையில் அது 90க்குக் கீழே இறங்குவது அபூர்வம். பெட்டிக்குள் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் போதும். இன்னும் குறைந்தால் நல்லதுதானே என்று சிலிக்காவைக் கொட்டி நிரப்பாதீர்கள், அளவுக்கு மீறிக் காய்ந்தால் ரப்பரும் கிரீஸும் கெடும்.

சிலிக்கா ஈரம் குடித்ததும் நிறம் மாறும். செம்மஞ்சள் மணி பச்சையாகும், நீல மணி ரோஸ் ஆகும். மாறியதும் வீச வேண்டாம், பழைய தட்டையான சட்டி ஒன்றில் மிக மெல்லிய நெருப்பில் கிளறிக் கிளறி வறுத்தால் பழைய நிறத்துக்கு வரும். வீட்டில் ஓவன் அடுப்பு இருந்தால் 120 பாகை போதும். நீல மணியில் கோபால்ட் குளோரைட் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது, ஆகவே சமைக்கிற சட்டியைத் தொடாதீர்கள். நான் செம்மஞ்சள்தான் வாங்குகிறேன், அதற்கும் தனிச் சட்டி வைத்திருக்கிறேன். அம்மா அதைப் பார்த்து, "சோறு வறுக்கத் தெரியாதவன் கண்ணாடி மணிய வறுக்கிறான்" என்பார். ஆறிய பிறகே பெட்டிக்குள் வையுங்கள்.

ஊரில் எல்லோரும் ஒரு யோசனை சொல்வார்கள். அம்மா, அடுப்புக்கு மேலே பரணில் வை, காய்ந்துவிடும் என்றார். காயும், கூடவே புகையும் எண்ணெய்ப் பசையும் சேரும், கொதிக்கிற பானையின் ஆவியும் நேராக அங்கேதான் போகும். பக்கத்து வீட்டு அண்ணன் அரிசிக்குள் புதைக்கச் சொன்னார். அரிசி ஈரத்தை எடுப்பது கொஞ்சம், தவிடும் தூசியும் லென்ஸுக்குள் போவது அதிகம். பூச்சி உருண்டை போடச் சொன்னவரும் உண்டு, அது ஈரத்தை எடுக்காது, மணம்தான் வரும். வெயிலில் வைப்பதும் அப்படித்தான். காலை வெயிலில் மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட வைத்தால் கெடுதல் இல்லை, ஆனால் வளர்ந்துவிட்ட பூசணம் அதனால் மறையாது. இவற்றையெல்லாம்விட நல்லது, கமராவை அடிக்கடி வெளியே எடுத்துப் பாவிப்பது. அடிக்கடி வேலை செய்கிற லென்ஸில் பூசணம் பிடிப்பது குறைவு.

இன்னொரு விஷயம் பனி. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் மார்கழிக் காலையில் படம் எடுத்துவிட்டு நேராகத் தேத்தண்ணீர்க் கடைக்குள் நுழைந்தால், குளிர்ந்த கமராவில் ஆவி படிந்து கண்ணாடி முழுக்க வியர்க்கும். வெளியே தெரிவதைத் துடைத்துவிடலாம், உள்ளே படிந்ததை என்ன செய்வது? வெளியிலேயே கமராவை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு வாயை இறுக்கிக் கட்டிவிட்டு உள்ளே போங்கள். வியர்வை பையில் படியும், கமராவில் படியாது. சூடு சமமாகும் வரை, ஒரு மணி நேரமாவது, திறக்காதீர்கள். சிவனொளிபாதமலைக்குக் கமரா கொண்டு போகிறவர்களுக்கும் இதேதான்.

பழைய லென்ஸ் வாங்கும்போது எந்த ஊரில் இருந்தது, எதில் போட்டு வைத்திருந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் தென்மேல் மழை நம் பக்கத்தை விடக் குறைவு, அதற்காக டோர்ச் அடிக்காமல் வாங்காதீர்கள். லென்ஸில் வெளிச்சம் புகும் ஓட்டையை முழுதாகத் திறந்து, ஒரு பக்கம் வெளிச்சம் விட்டு மறுபக்கம் சாய்த்துப் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். தூசி இரண்டொரு புள்ளி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. நூல் இருந்தால் வேண்டாம், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பையை மோந்து பாருங்கள், நானா சொன்னதில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். நான் இப்போது வைத்திருக்கும் 50 அப்படிப் பார்த்து 38,000க்கு வாங்கியது.

போர்டு படம் எடுக்க ஆசைப்படுபவர்களுக்கும் இரண்டு வார்த்தை. நல்ல வெயிலில் எடுக்காதீர்கள், எனாமல் பளபளத்து எழுத்து வெளுக்கும். மூடுபனி லேசாக இறங்கும் நேரம்தான் நிறம் அப்படியே நிற்கும். நேரெதிரே நின்று ஒன்று முழுதாக எடுங்கள், பிறகு மூலையில் இருக்கும் எழுதியவர் பெயரைத் தனியாக எடுங்கள், அதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஊரும் தேதியும் ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். சலூனுக்குள் எடுப்பதானால் முதலில் கதிரையில் உட்கார்ந்து ஷேவிங் செய்துகொள்ளுங்கள், பிறகு கேளுங்கள், பத்தில் ஒன்பது பேர் சரி என்பார்கள். முகத்தில் நுரையோடு இருக்கிறவரை அவரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். இப்படி ஷேவிங்குக்கு நான் கொடுத்த காசை நஷ்டக் கணக்கில் சேர்க்கவில்லை. அடுத்த மாதம் வந்து நிதானமாக எடுக்கலாம் என்று மட்டும் எந்தப் போர்டையும் விட்டுவிட்டு வராதீர்கள், கோழிக் கூடுகளுக்குத் தகரம் எப்போதும் தேவைப்படுகிறது.

பழைய 50ஐப் புது லென்ஸ் இருக்கும் பெட்டியில் வைக்க மனம் வரவில்லை, தனியாக ஒரு போத்தலில் போட்டு இஸ்தோப்பில் வைத்திருந்தேன். கமரா திருத்தப் பழகிக்கொண்டிருக்கும் நுவரெலியாப் பையன் ஒருவன் கேட்டான். பூசணம் இருக்கிறது, வளையம் அரைபடுகிறது, திருகாணி ஒன்று இல்லை என்று எல்லாவற்றையும் சொல்லி, டோர்ச்சும் அடித்துக் காட்டி, 3,000 ரூபாவுக்குக் கொடுத்தேன். வேறு லென்ஸில் கை வைக்கும் முன் இதைப் பிரித்துப் பழகப் போகிறானாம்.